பொட்டுக்கு மூன்றடி மண் கேட்டு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கும், மேயர்களுக்கும், நகர்மன்றத் தலைவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும்

வணக்கம்.

எங்கள் வீட்டு நாய் பொட்டு இறந்து ஏழு மாதம் ஆகிறது. செவலை நிறம், நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை, அதனால் அந்தப் பெயர். 2011 ஐப்பசி மழையில் ரேஷன் கடை வாசலில் நனைந்து கிடந்த குட்டியை அம்மா முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா போய் நான்கு வருடம் ஆகிவிட்டது. நாய் என்றால் 'அது' என்று எழுதுவதுதான் முறை. எங்கள் வீட்டில் பதின்மூன்று வருடமும் 'அவள்' என்றே சொல்லி வந்தோம். இந்த மடலிலும் அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபம் தணியட்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். இப்போது கோபம் இல்லை, ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் வளர்ப்புப் பிராணிகளைப் புதைக்கவோ எரிக்கவோ ஒரு சின்ன இடம் ஒதுக்குங்கள். எங்கள் ஊர்ப் பெயரை நான் வேண்டுமென்றேதான் போடவில்லை. தமிழ்நாட்டில் இன்று 25 மாநகராட்சிகளும் நூற்றுக்கும் மேற்பட்ட நகராட்சிகளும் இருக்கின்றன. எங்களுக்கு நடந்தது அவற்றில் பல ஊர்களில் நாய் வளர்க்கிற எவருக்கும் நடக்கலாம்.

பொட்டுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருள் ஏறக்குறைய ஒன்றரைக்குள் இருக்க வேண்டுமாம். அவளுக்கு ஆறைத் தாண்டியிருந்தது. சென்னைக்குக் கொண்டுபோனால் டயாலிசிஸ் செய்து பார்க்கலாம், ஆனால் இந்த வயதில் அந்தப் பயணத்தையே தாங்கமாட்டாள் என்றார் மருத்துவர். வீட்டிலேயே தோலுக்கு அடியில் சலைன் ஏற்றக் கற்றுக்கொடுத்தார். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும். நான் செருகுவேன். அப்பா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு காதைத் தடவிக்கொண்டே இருப்பார். ஜன்னல் கம்பியில் ஒரு கொக்கியை மாட்டி பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தோம். நான்கு மாதம், ஒருநாள் விட்டு ஒருநாள். அந்தக் கொக்கி இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

கடைசி வாரம் தண்ணீரும் இறங்கவில்லை. வாயெல்லாம் புண். இரண்டு முறை வலிப்பு வந்தது. மருத்துவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அன்று இரவு வீட்டுக்கே வந்து, முதலில் தூங்க வைக்கும் ஊசி, அவள் நன்றாக அயர்ந்த பிறகு கடைசி ஊசி. இரவு ஒன்பதரை மணி. நாம் செய்தது சரிதானா என்ற கேள்வி அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குடியிருக்கிறது. அப்பா அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. எனக்குத் தெரியும், கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மறுநாள் காலையில் நடந்ததுதான் இந்த மடலுக்குக் காரணம்.

எங்கள் மனை தொள்ளாயிரம் சதுர அடி. வீடு போக மிச்சமிருந்த இடத்துக்கெல்லாம் எப்போதோ சிமென்ட் போட்டுவிட்டோம். மண் என்று இருப்பது வாசலில் செம்பருத்தி நிற்கிற தொட்டி ஒன்றுதான். மாநகராட்சி எண்ணுக்குப் போன் செய்தேன். கை நடுங்கியதால் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். "செத்த நாயா? எந்த வார்டு? வீட்டுக்கு வெளிய எடுத்துப் போட்டு வைங்க, குப்பை வண்டி வரும்" என்றார் எதிர்முனையில் இருந்தவர். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு முன்னால் வண்டி வந்துவிட்டது. தாமதம் என்று குறை சொல்ல முடியாது. பின்பக்கம் தொட்டி திறந்திருந்தது. வாழை மட்டை, முட்டை ஓடு, குழந்தைகளின் டயாப்பர், கோழிக்கடைக் கழிவு. பொட்டு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் சுற்றி வாசல் படியில் இருந்தாள். இரண்டு தூய்மைப் பணியாளர்கள் இறங்கினார்கள். அவர்களில் மூத்தவர் சேலையைப் பார்த்தார், படியில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்து, "இதுல போட வேணாம் தாயி. பெரியவரு பாத்துக்கிட்டு இருக்காரு. வேற எங்கயாச்சும் எடம் பாருங்க" என்றார். வண்டி பொட்டை ஏற்றாமலே போனது.

அவருக்கு என் நன்றியை இந்த மடலில் எழுதி வைக்க வேண்டும். போனில் பேசியவர் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு முன்னால் இருந்த பட்டியலில் இறந்த பிராணிக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்திருக்கும், அது திடக்கழிவுக் கட்டம். அந்தப் பட்டியலை மாற்றுகிற அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அதன்பிறகு இடம் தேடினோம். மூன்று ஆட்டோக்காரர்கள் வர மறுத்தார்கள். கடைசியில் ஒரு குட்டியானை வண்டி கிடைத்தது, 1,800 ரூபாய். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரின் தென்னந்தோப்பு 34 கிலோமீட்டரில் இருக்கிறது. அவர் "கொண்டு வாங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். தோப்பில் தேங்காய் பறிக்கிறவர் நான்கடிக்குக் குழி வெட்டினார். அவளை இறக்கியதும் அப்பா சட்டைப் பையில் கையை விட்டார். வெளியே எடுக்காமல் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னப்பா என்றேன். கையில் கொஞ்சம் அரிசி. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வந்திருக்கிறார். நாய்க்கு வாய்க்கரிசி போடலாமா, யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்று தயங்கியிருக்கிறார். தோப்புக்காரர்தான், "போடுங்கண்ணே, உங்க கையில சாப்பிட்ட பிள்ளதானே" என்றார்.

அந்த அரிசியைப் போட்ட பிறகுதான் அப்பா அழுதார். அம்மா செத்தபோதும் அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

வீட்டில் ஒருவர் இறந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தெருவில் நாற்காலி போடுவார்கள். வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும். மறுநாள் பால் தெளிக்கப் போவோம். எட்டு, பதினாறு, மாதம், வருடம் என்று ஒவ்வொரு தவணையிலும் கூடி உட்கார்ந்து போனவர்களைப் பற்றிப் பேசுவோம். சடங்கில் நம்பிக்கை இல்லாதவர்களும் துக்கம் கேட்க வருகிறார்கள். இந்த ஏற்பாடு முழுவதும் இரண்டு பொருள்மேல் நிற்கிறது: ஊர் வந்து கேட்க வேண்டும், போய் நிற்க ஓர் இடம் வேண்டும். நாயைப் பறிகொடுத்த வீட்டுக்கு இரண்டும் கிடையாது.

"ஒரு நாய்க்கா இப்படி?" என்றார்கள். "வேற குட்டி ஒண்ணு வாங்கிக் குடுத்துடு, அப்பா சரியாயிடுவாரு" என்றார்கள். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். நானும் எத்தனையோ பேரிடம் இப்படிச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டதும் அப்பா வாயை மூடிக்கொண்டார். அடுத்து யார் வந்து கேட்டாலும் "ஆமா, வயசாயிடுச்சு" என்று முடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். நான் மட்டும் என்ன, அலுவலகத்தில் அன்றைய விடுப்புக் கடிதத்தில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதினேன். உண்மையை எழுதக் கை வரவில்லை. ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று ஒன்று உண்டு என்று கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-லேயே விரிவாக எழுதிவைத்திருக்கிறார். வளர்ப்புப் பிராணியின் சாவும் அதில் சேரும். துக்கப்படுகிறவருக்கு துக்கப்படும் உரிமையே இல்லை என்று சுற்றியிருப்பவர்கள் நினைத்துவிடுவதுதான் அதன் கஷ்டம். படித்தபோது, எங்கள் வீட்டுக் கூடத்தைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. பதின்மூன்று வருடமாகக் காலை ஐந்து மணிக்குப் பொட்டோடு நடை. இப்போதும் நாலே முக்காலுக்கு எழுந்துவிடுகிறார். செருப்பைப் போட்டுக்கொள்கிறார். வாசல் கதவின் தாழ்ப்பாளைத் திறக்கிறார், சத்தம் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. முதல் வாரம் நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையைத் தொடைக்குப் பக்கத்தில் சற்று விரித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவள் வந்து தலையை முட்டுகிற உயரத்தில் இருந்தது அந்தக் கை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டார். நடைப்பயிற்சி நின்றுபோனது. இரண்டாவது மாதத்தில் சர்க்கரை ஏறியது. தெருக்கோடி டீக்கடையில் நான்கு பேரிடம் பேசுவதும் நின்றது. அந்த நான்கு பேரும் அவருக்குப் பொட்டு மூலமாகத்தான் பழக்கம்.

தனியாக இருக்கிற வயதானவர்கள் வீட்டில் நாய் செத்துப்போவது என்றால் இதுதான் நடக்கிறது. நாள் முழுவதையும் பிடித்து நிறுத்தியிருந்த ஆணி ஒன்று கழன்றுவிடுகிறது. எப்போது எழுவது, எவ்வளவு அரிசி போடுவது, எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவது எல்லாம் அவளை வைத்தே நடந்தது. நான் இரண்டு மாதம் தினமும் அரை ஆழாக்கு அரிசி கூடப் போட்டு வடித்துக்கொண்டிருந்தேன். மிஞ்சுகிற சோற்றைப் பார்த்த பிறகுதான் உறைக்கும்.

அண்ணன் வெளியூரில் இருக்கிறான். அவன் மகனுக்கு எட்டு வயது. பொட்டைப் பண்ணைக்கு அனுப்பிவிட்டோம் என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள். குழந்தை பயந்துவிடுவான் என்று பெரியவர்களுக்கு ஒரு கவலை. அவன் ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ காலில், "எந்தப் பண்ணை அத்தை? லீவுக்கு வந்தா கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்பான். ஐந்தாவது வாரம் என்னால் முடியவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். அழுதான். பிறகு, "எங்க பொதச்சீங்க?" என்று கேட்டான். எழுபத்து நான்கு வயதுக்காரருக்கும் எட்டு வயதுக்காரனுக்கும் கடைசியில் ஒரே கேள்விதான். எங்களிடம் சொல்வதற்கு ஒரு தோப்பாவது இருந்தது. குப்பை வண்டியில் ஏற்றியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

இது ஏதோ படித்த நகரத்துக்காரர்களின் புதுப் பழக்கம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது, முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்திருந்தது என்று தனியாக எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அந்த வீரனை நினைவில் வைக்க நினைத்தவர்கள் நாயின் பெயரையும் விட்டுவிட மனமில்லாமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில், சண்டையில் செத்த ஒரு சேவலுக்கே கல் நட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. அதற்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. 949-இல் நம் தக்கோலத்தில் இராஷ்டிரகூடரும் கங்கரும் சேர்ந்து சோழர்களைத் தோற்கடித்தார்களே, அந்தப் போரில் மணலேரன் என்ற கங்க வீரன் திறமை காட்டினான். என்ன வேண்டும், கேள் என்று அரசன் சொன்னபோது அவன் ஊரோ பொன்னோ கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டுமே செத்தன. காளிக்காகக் கோயில் முன்னால் கல் நட்டு, அந்தக் கல்லுக்கென்று நிலமும் விட்டார்கள். கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆட்சியாளர்கள் ஒரு நாயின் நினைவுக்கு நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை, நிலம் ஒதுக்குகிற அதிகாரம் உள்ள உங்களுக்கு நினைவூட்டுகிறேன்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் காளை செத்தால் இன்றும் என்ன நடக்கிறது? வேட்டியும் துண்டும் மாலையும் போடுகிறார்கள். பெண்கள் கூடி அழுகிறார்கள். மேளத்தோடு தூக்கிப் போய் ஊரே நின்று அடக்கம் செய்கிறது. கிராமத்து வீடுகளில் நாயைக் கொல்லைப்புறத்தில் புதைத்து மேலே ஒரு கன்று நட்டுவிடுவார்கள். யாரும் அதை விசித்திரமாகப் பார்த்ததில்லை. நகரத்துக்கு வந்ததும் நமக்கு மனசு மாறிவிடவில்லை. கொல்லைதான் இல்லாமல் போனது.

இனி உங்கள் துறைக்கு நேரடியாகச் சேர்ந்த ஒன்று. மருந்து செலுத்தி உயிர் போக்கப்பட்ட பிராணியின் உடலில் அந்த மருந்து தங்கியிருக்கும். அந்த உடல் குப்பைக் கிடங்கில் திறந்து கிடந்தால் அதைத் தின்கிற காகமும் பருந்தும் வேறு நாய்களும் செத்துப்போகலாம். பிணத்தில் தங்கிய மருந்து என்ன செய்யும் என்பதை இந்த நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்கால்தான் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன, 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்ய வேண்டி வந்தது. எரிப்பது, அல்லது கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் விலகி ஆழமாகப் புதைப்பது, இரண்டில் ஒன்று நடந்தே தீர வேண்டும். இடம் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இரவோடு இரவாகச் சாக்கில் கட்டி வாய்க்கால் ஓரம் போடுகிறார்கள். கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. வேறு வழி தெரியாமல் போட்டுவிட்டுத் திரும்பி வந்து தூங்காமல் கிடக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒருவர், நான் பொட்டைப் பற்றிச் சொன்ன பிறகு, பல வருடத்துக்கு முன்னால் தான் அப்படிப் போட்டதைச் சொல்லி அழுதார். இன்றும் அந்தப் பாலத்தைத் தாண்டும்போது மறுபக்கம் பார்த்துக்கொள்வாராம்.

பாரிஸில் இதே பிரச்சினைதான் இருந்தது. செத்த நாய்களை ஆற்றில் வீசிக்கொண்டிருந்தார்கள். குடியிருப்புகளிலிருந்து விலகி, குறைந்தது ஒரு மீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும் என்று 1898-இல் சட்டம் போட்டார்கள். அதற்கு அடுத்த வருடமே நகரை ஒட்டிய அனியேரில் நாய்களுக்கான இடுகாடு திறக்கப்பட்டது. இன்றும் இருக்கிறது. சுகாதாரத்துக்காகப் போட்ட சட்டம்தான், ஆனால் அங்கே நூற்றிருபது வருடமாக மனிதர்கள் பூ கொண்டுபோய் வைக்கிறார்கள். நம் நாட்டிலும் மும்பை மாநகராட்சி 2023-இல் மலாடில் சிறு பிராணிகளுக்கு எரிவாயுத் தகனமேடை அமைத்துவிட்டது. நடக்காத காரியத்தை நான் கேட்கவில்லை.

என்ன கேட்கிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஒதுக்குப்புறமாக, நீர்நிலைக்கு விலகி, இருபது சென்ட் நிலம் போதும். சுற்றிலும் வேலி, ஒரு தண்ணீர்க் குழாய், குழி வெட்ட ஓர் ஆள், கொஞ்சம் நிழல். கட்டணம் வையுங்கள், தருகிறோம். இல்லாதவர்களுக்கு விலக்கு கொடுங்கள். சில வருடம் கழித்து அதே குழியை மறுபடி பயன்படுத்திக்கொள்ளட்டும், கல் எழுப்பக் கூடாது என்று விதி வையுங்கள், ஒப்புக்கொள்கிறோம். நிலம் கிடைக்காத பெரிய நகரங்களில் எரிவாயு மேடை வையுங்கள். ஏற்றிச் செல்ல, குப்பை ஏற்றாத ஒரு சிறு வண்டி ஒதுக்குங்கள். போனை எடுப்பவருக்கு இரண்டு வாக்கியம் கற்றுக்கொடுங்கள். "பேர் என்ன? வண்டி எத்தனை மணிக்கு வரட்டும்?" இந்த இரண்டைக் கேட்டிருந்தாலே அன்று காலை எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு பதிவேடும் வேண்டும். நாய்க்கு உரிமம் எடுக்கச் சொல்கிறீர்கள். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான், பொட்டுக்கு ஒரு வருடமும் நாங்கள் தவறவிட்டதில்லை. ஆனால் அவள் இறந்ததை எங்கே சொல்வது என்று தெரியவில்லை. மூன்றாவது மாதம் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லி குறுஞ்செய்தி வந்தது. அப்பாவின் எண்ணுக்குத்தான் வந்தது. புதைக்கிற இடத்திலேயே உரிம எண்ணைக் குறித்துக்கொண்டால் உங்கள் கணக்கும் சரியாகும். 2030-க்குள் நாய் வழியாகப் பரவும் வெறிநோய்ச் சாவே இல்லாத நாடாக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறோம். எத்தனை நாய் இருக்கிறது என்று தெரிய, எத்தனை போனது என்றும் தெரிய வேண்டுமே.

தெருவில் நாய்க்கடிபட்டவர்களின் பயத்தையும், வெறிநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் வேதனையையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். அவர்களுக்குச் செய்ய வேண்டியதை முதலில் செய்யுங்கள். "மனுசனைப் புதைக்கவே இடமில்லை" என்றும் சொல்வார்கள். சில ஊர்களில், சில சாதி மக்களுக்குச் சுடுகாட்டுப் பாதைகூட இன்னும் மறுக்கப்படுகிறது என்பதை அறிந்தே எழுதுகிறேன். அந்த அநியாயம் தீர்ந்தே ஆக வேண்டும். எங்கள் இருபது சென்ட் அந்த வேலைக்குக் குறுக்கே நிற்காது. மனிதர்களுக்கென்று உள்ள இடத்தில் ஒரு அடிகூட நாங்கள் கேட்கவில்லை.

நாயை இழந்தவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களுக்கு உதவியது எது என்று யோசித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா மூன்று நாள் சாயங்காலம் ஒரு சொம்பில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் அப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான்காவது நாள் அப்பாவாகவே பேச ஆரம்பித்தார். பொட்டு குட்டியாக இருந்தபோது அக்கா வீட்டுக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதை. மருத்துவர் ஒரு வாரம் கழித்துப் போன் செய்து, "நீங்க எடுத்தது சரியான முடிவு, நாலு நாள் வலியிலேர்ந்து அவளக் காப்பாத்தினீங்க" என்றார். அந்தப் போன் வந்த அன்று அப்பா நன்றாகத் தூங்கினார். கால்நடை மருத்துவர்களே, உங்களுக்கு இரண்டு நிமிட வேலை அது, தயவுசெய்து செய்யுங்கள். பொட்டின் தட்டை நாங்கள் ஒளித்துவைக்கவில்லை. பின்கட்டில் அதே இடத்தில் இருக்கிறது, காக்கைக்குச் சோறு வைக்கிறோம்.

எல்லாவற்றையும்விட அதிகமாக உதவியது அந்தத் தோப்புதான். மாதம் ஒருமுறை அப்பா போய்வருகிறார். இரண்டு பேருந்து மாற வேண்டும், இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. மேலே நட்ட நந்தியாவட்டை இடுப்பளவு வந்துவிட்டதாம். அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, தோப்புக்காரரோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். போய்வந்த மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தெருக்கோடி வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார். டீக்கடையிலும் நிற்கிறார். ஆனால் முட்டி வலி அதிகமாகிக்கொண்டே போகிறது. இன்னும் எத்தனை மாதம் இரண்டு பேருந்து ஏறுவார் என்று தெரியவில்லை.

இந்த மடலை அவருக்குப் படித்துக் காட்டினேன். தன்னைப் பற்றி எழுதிய இடங்களில் தலையைக் குனிந்துகொண்டார், எடுத்துவிடு என்று சொல்லவில்லை. முடித்ததும் எங்கள் வார்டில் மூடிக்கிடக்கிற பழைய ஆட்டுத்தொட்டியை, ஆடு அறுக்கிற கூடத்தைப் பற்றிச் சொன்னார். பின்னால் புறம்போக்கு நிலம் கிடக்கிறதாம், முழுவதும் சீமைக்கருவேலம். பொட்டோடு நடக்கும்போது தினமும் பார்த்த இடம். மாநகராட்சி சரி என்று சொன்னால் முள்ளை வெட்ட ஆள் கேட்க வேண்டாம், டீக்கடை ஆட்களையும் கூட்டிக்கொண்டு தானே அரிவாளோடு வருவதாக எழுதச் சொன்னார். காலை ஐந்து மணிக்கென்றால் அவருக்கு வசதி.

இப்படிக்கு,
பொட்டு வீட்டார்